வலியை அபகரிக்கிற அன்பு



இவ்வாரத் தியானப் பகுதி: கொலோசெயர் 3:21, 1 சாமுவேல் 17:17-40.

இந்த வாரம் நான் எழுதுவது பெற்றோராகிய உங்களில் சிலருக்குக் கசக்கும். எனக்கே அது முதலில் கசந்தது. ஆகையால் என் குற்றத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தின் ஞாயிறு ஆராதனையில், வழக்கம்போல, நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளைப் பீடத்தின் முன் அழைத்தேன். ஒவ்வொருவருடைய பெயரையும் மதிப்பெண்ணையும் ஒலிபெருக்கியில் வாசித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். கேடயம் கொடுத்தோம், படம் எடுத்தோம், ஸ்தோத்திர ஜெபம் செய்தோம். அந்த வரிசையில் நிற்காத மகன் ஒருவன் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தான். அவன் கணிதத்தில் தேறவில்லை. பாட்டு முடியுமுன் எழுந்து வெளியே போனவன், அடுத்த நான்கு ஞாயிறுகளிலும் ஆலயத்துக்கு வரவில்லை.

ஐந்தாம் வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வாசலிலேயே என்னை நிறுத்தி, “வெளியில தலை காட்ட முடியலைங்க ஐயா, இவனால எங்க மானமே போச்சு” என்றார். உள்ளே இருந்த பையனுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றே அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு அவனோடு தனியே பேசியபோது, ஏன் ஆலயத்துக்கு வரவில்லை என்று கேட்டேன். “வந்தா எல்லாரும் மார்க்கு கேப்பாங்க ஐயா” என்றான். அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லில் நானும் அடக்கம் என்பது எனக்குப் புரிந்தது.

2017-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு, பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனத்தில் ஏற்படும் அழுத்தத்தைக் கருதி அரசாங்கம் கைவிட்ட ஒன்றை, கிருபையைப் பிரசங்கிக்கிற நாம் பீடத்தின் முன்னே வைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம். கடைசியானவர்கள் முந்தினவர்களாவார்கள் என்று போதித்தவருடைய ஆலயத்தில், கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறோம். இதற்கு மேலும் மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். திமிரியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நான் வீடு வீடாகச் சென்று ஜெபிக்கிறபோது இரண்டு வகைப் பெற்றோரைக் காண்கிறேன். ஒரு வகையார் பிள்ளையின்மேல் தூசி படவும் விடமாட்டார்கள். பதினேழு வயது மகன் தனியே பஸ் ஏறி ஆற்காடு வரை போய்வந்ததில்லை. கல்லூரி விண்ணப்பத்தைத் தகப்பன் நிரப்புகிறார். வங்கியில் தாய் வரிசையில் நிற்கிறார். ஆசிரியர் கண்டித்தால் மறுநாள் காலையே பெற்றோர் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். மற்றொரு வகையார் பிள்ளையை வார்த்தையால் தினமும் அடிக்கிறார்கள். “உங்க அத்தை மகளைப் பாரு.” “உனக்குப் போடற சோறு தண்டம்.” “உன்னைப் பெத்ததுக்கு...” மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

இவ்விரு வகையாரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள். செல்லம் கொடுப்பவர் அடிப்பவரைக் கல்நெஞ்சர் என்கிறார். அடிப்பவர் செல்லம் கொடுப்பவரைப் பிள்ளையைக் கெடுப்பவர் என்கிறார். நான் சொல்கிறேன்: இருவரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். பிள்ளை தோற்றால் நம் முகம் எப்படித் தெரியும் என்கிற பயமே அந்த வேர். ஒருவர் தோல்வி வரவே விடாமல் தம் முகத்தைக் காக்கிறார். மற்றவர் தோல்வி வந்தபின் பழியைப் பிள்ளையின் தலையில் போட்டுத் தம் முகத்தைக் காக்கிறார். இரண்டிலும் பிள்ளை நடுவில் இல்லை. நம் மானமே நடுவில் இருக்கிறது. பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே ஆளிடமே உண்டு: தேர்வு முடிவு வரும்வரை செல்லம், வந்தபின் சவுக்கு.

இதன் விளைவு என்ன என்பதைக் காட்ட, நம் வேலூர் மண்ணிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனையை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த ஊழியத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் டாக்டர் பால் பிராண்டு. அவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் மருத்துவர்களும் பொதுவாக எண்ணியிருந்தார்கள். பிராண்டு பொறுமையாகக் கவனித்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றின் சாவியை அவரால் திருப்ப முடியவில்லை. சிகிச்சைக்கு வந்திருந்த சிறுவன் ஒருவன் முன்வந்து எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுடைய பலத்தை வியந்த மருத்துவர், தரையில் இரத்தத் துளி விழுவதைக் கண்டு அவன் கையை வாங்கிப் பார்த்தார். விரல் உள்ளே ஆழமாகக் கிழிந்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

அங்கிருந்துதான் அவருக்கு விளக்கம் கிடைத்தது. நோய் விரலைத் தின்னவில்லை. வலியை உணரும் நரம்பைக் கொன்றது. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டபடி நிற்கிறான். காலில் முள் ஏறியும் நாள் முழுதும் நடக்கிறான். இரவில் உறங்குகையில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. வீடு திரும்புகிற நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கும்படி கொடுத்தனுப்பியதுகூட உண்டு. விரல்களை அழித்தது வலி அன்று, வலி இல்லாமையே. பின்னாளில், 1993-இல் வெளியான தம் நூலில் அவர் வலியை யாரும் விரும்பாத ஈவு என்றே குறிப்பிட்டார்.

பெற்றோரே, பிள்ளைக்கு ஒவ்வொரு வலியையும் நீக்கிவிடுவதே அன்பு என்று எண்ணுகிறீர்களா? அப்படியானால் அந்த நரம்பைத்தான் நீங்கள் அறுக்கிறீர்கள். ஆறு வயதில் விளையாட்டில் தோற்று அழுதபோது உடனே வேறு பொம்மை. பத்து வயதில் நண்பனோடு சண்டை வந்தபோது நீங்களே போய்த் தீர்ப்பு. பதினான்கு வயதில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனபோது, உடம்பு சரியில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த பொய்க் கடிதம். ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் பதினெட்டு வயதில் அவன் விடுதியில் தனியே இருக்கையில் முதல் பெரிய அடி விழும்போது, எது தாங்கக்கூடிய வலி, எது உதவி கேட்க வேண்டிய வலி என்று பிரித்தறிய அவனுக்குத் தெரியாது. வலி என்றாலே உலகம் முடிந்தது என்று எண்ணுவான். தேர்வு முடிவு வரும் மாதங்களில் செய்தித்தாளில் நாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிற அந்தச் சிறு செய்திகளை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கெல்லாம் ஒரே காரணம் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். துயரப்படும் எந்தக் குடும்பத்தின்மேலும் கல்லெறியவும் மாட்டேன். ஆனால் நம் வீட்டில் நாம் செய்வது என்ன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இங்கே நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்வீர்கள். அதை நான் மதிக்கிறேன். “ஐயா, நாங்க பட்ட கஷ்டம் எங்க பிள்ளை படக்கூடாது.” காலையில் இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருந்து, இருட்டியபின் வீடு வருகிற தாய்மார் நம் சபையில் இருக்கிறார்கள். இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் கைகள் வெந்து உழைத்து, பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பன்மார் இருக்கிறார்கள். உங்கள் கண்ணீரை நான் அறிவேன். பசி வேண்டாம் என்று நீங்கள் எண்ணியது சரி. அவமானம் வேண்டாம் என்று எண்ணியது சரி. பசியையும் அவமானத்தையும் எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பசியையும் பாரத்தையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். பசியை எடுத்துப்போட்ட கையோடு, பிள்ளை சுமக்க வேண்டிய பாரத்தையும் எடுத்துப்போட்டீர்கள். உங்களைப் பலப்படுத்தியது பசி அன்று, பொறுப்பு. தம்பியைக் கவனித்தது, தண்ணீர் இறைத்தது, கடன்காரனிடம் பேசி அனுப்பியது, தவறிப் போனபோது மறுபடி எழுந்தது: இவையே உங்களை உருவாக்கின. அந்தச் சொத்தைத்தான் பிள்ளைக்கு எழுதிவைக்க மறுக்கிறீர்கள்.

அடுத்து, அடித்தால்தான் பிள்ளை தேறும் என்கிறவர்களே, உங்களுக்கும் நம் ஊர்த் தொழிலிலிருந்தே பதில் உண்டு. தோல் பதனிடுவதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பச்சைத் தோலைச் சும்மா விட்டால் அழுகிப்போகும். ஆகையால் ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு, மயிரும் சதையும் நீக்கி, பின்பு பதனிடுகிறார்கள். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு உதவின. சுண்ணாம்பு இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் சுண்ணாம்பில் அளவுக்கு மீறிக் கிடந்த தோல் என்ன ஆகும்? நார் தளர்ந்து, வலுவிழந்து, செருப்புக்கும் உதவாமல் போகும். பிறகு எந்தப் பட்டையும் அதைக் காப்பாற்றாது. கண்டிப்பு சுண்ணாம்பு போன்றது. அதற்கு ஒரு நேரமும் அளவும் உண்டு. உங்கள் பிள்ளையைப் பதினைந்து வருடமாகக் குழியிலேயே போட்டு வைத்திருக்கிறீர்களே!

பவுல் அப்போஸ்தலன் கொலோசெயருக்கு எழுதுகையில், பிதாக்களை நேரடியாக விளித்து, பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறார். அந்த நாட்களில் ரோம உலகத்தில் தகப்பனுக்குப் பிள்ளையின்மேல் இருந்த அதிகாரம் அளவற்றது. அப்படிப்பட்ட காலத்தில் தகப்பனுடைய வாய்க்கு எல்லை போட்ட வசனம் இது. மனம் தளர்தல் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை கெட்டுப்போவான் என்று பவுல் சொல்லவில்லை. முயற்சி செய்யும் மனமே அவனிடத்தில் இல்லாமல் போகும் என்கிறார். நீதிமொழிகளில் உள்ள பிரம்பைப் பற்றி எனக்கு வசனம் காட்டுகிற சகோதரரே, இந்த வசனத்தையும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி மாட்டுங்கள். நாட்காட்டியில் பிரம்பு மாத்திரம் வருவதும் இது வராமல் போவதும் ஏன் என்று யோசியுங்கள்.

அப்படியானால் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? தாவீதைப் பாருங்கள். கோலியாத்தின் முன் நிற்கத் துணிந்த அந்த வாலிபனைச் சுற்றி நம் வீடுகளில் உள்ள எல்லாரும் இருக்கிறார்கள். மூத்த அண்ணன் எலியாப், கொஞ்சம் ஆடுகளை யார் வசத்தில் விட்டுவந்தாய் என்று எல்லார்முன்பும் ஏளனம் செய்கிறான். அவன் வார்த்தையால் அடிப்பவன். சவுல் ராஜா தன் கவசத்தையும் தலைச்சீராவையும் எடுத்து அவனுக்கு மாட்டுகிறான். அவன் பாதுகாப்பால் முடக்குபவன். தாவீது இரண்டையும் ஏற்கவில்லை. ஏளனத்துக்கு ஒரு கேள்வியால் பதில் சொல்லி நகர்ந்தான். கவசத்தைப் போட்டு நடந்து பார்த்து, இது எனக்குப் பழக்கமில்லை என்று கழற்றி வைத்தான்.

அவனுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதை அவனே சவுலிடம் சொல்கிறான்: ஆட்டைப் பிடித்துக்கொண்டு போன சிங்கத்தையும் கரடியையும் துரத்தி மீட்டேன், அப்போது என்னைத் தப்புவித்த கர்த்தர் இப்போதும் தப்புவிப்பார். இதுதான் விசுவாசத்தின் இலக்கணம். தன்னம்பிக்கையின் இலக்கணமும் இதுவே. ‘நீ கெட்டிக்காரன், நீ ராஜா’ என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதால் அது வராது. முன்பு ஒருமுறை தனியே நின்றேன், பயந்தேன், கர்த்தர் கைவிடவில்லை, மீண்டேன் என்கிற ஞாபகமே தன்னம்பிக்கை. காட்டில் ஆடுகளோடு தனியே விடப்படாதவனுக்கு அந்த ஞாபகம் எப்படிக் கிடைக்கும்? உங்கள் பிள்ளைக்குக் கோலியாத் நிச்சயம் வருவான். அதற்குமுன் அவனுக்கு ஒரு கரடியாவது வந்ததா?

பால் பிராண்டின் சிறுவயது இதற்கு நல்ல உதாரணம். அவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் எவலினும் அங்கே மிஷனரிகள். சாலை இல்லாத, மலேரியா மிகுந்த மலை அது. பிள்ளையைச் சுவருக்குள் அடைத்து வைக்கக் காரணம் ஆயிரம் இருந்தது. ஆனால் மகன் மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலோடு அலைந்தான், மரம் ஏறினான். தந்தை கட்டடத் தொழில் அறிந்தவர். மகனைக் கூட்டிக்கொண்டு காட்டில் நடந்து, கறையான் புற்றை நின்று காட்டி, படைத்தவரின் கைவேலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் அதே மகன் படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் கற்றான். அதற்குப் பின்பே மருத்துவம் படித்தான். இன்று நம் வீடுகளில் ஒரு பிள்ளை அப்படி வழி மாறினால் எத்தனை உபவாச ஜெபம் நடக்கும்! ஆனால் கரம் ஒரு கருவி என்பதைத் தச்சுப்பட்டறையில் அறிந்தவர்தான், மடங்கிய விரல்களில் தசைநாண்களை மாற்றி இணைத்து, பிச்சைக்கு நீண்ட கைகளை வேலை செய்யும் கைகளாக்கினார்.

அக்குடும்பத்தில் எல்லாமே நேர்த்தியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அச்சிறுவனைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவன் அங்கே இருக்கையில், 1929-இல், தந்தை மலையில் காய்ச்சலால் இறந்தார். தந்தையை அவன் மறுபடி காணவே இல்லை. இறப்புச் செய்தி தந்தியில் முந்தி வந்தது. தந்தை எழுதிய கடிதமோ கப்பலில் வந்து பிந்திச் சேர்ந்தது. அந்தப் பிரிவை ஒரு பெற்றோர் முறையாக நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒரு காயம். ஆனால் அந்தக் காயத்திலும், தூரத்திலிருந்து எழுதிய தகப்பனின் குரல் அவனோடு இருந்தது. மலையையும் மரங்களையும் தேவனையும் பற்றி எழுதிய குரல். உங்கள் மகன் விடுதியில் இருந்தால், தொலைபேசியில் நீங்கள் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? “இன்டர்னல் மார்க்கு வந்துச்சா?” நாளை நீங்கள் இல்லாதபோது அவன் காதில் நிலைத்திருக்கப்போகிற உங்கள் குரல் அதுதானா?

வலியைப் பிள்ளையிடமிருந்து எடுக்கவும் வேண்டாம், வலியை நாமே கொடுக்கவும் வேண்டாம் என்றால் நாம் செய்ய வேண்டியது என்ன? அருகே நிற்க வேண்டும். இதற்கும் வேலூரிலேயே ஒரு சாட்சி உண்டு. கேரளத்திலிருந்து வந்து வேலூரில் மருத்துவம் படித்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, உடலின் கீழ்ப்பகுதியில் உணர்வும் அசைவும் இழந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அறுவை மருத்துவர் ஆக விரும்பியவருக்கு இனி என்ன மிச்சம்? அவருக்கு ஆறுதல் சொல்லிக் கட்டிலில் கிடத்தி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பால் பிராண்டு அப்படிச் செய்யவில்லை. தொழுநோயாளரின் கைகளுக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவருக்குச் சொன்னார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்றுவந்து, அத்துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்றும் இருக்கிறது. அவருக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

‘ஐயோ பாவம்’ என்று யாரும் அவரை முடக்கவில்லை. ‘இதெல்லாம் உனக்கு ஏன்’ என்று யாரும் அவரை ஏளனமும் செய்யவில்லை. ‘உன்னால் இது முடியும், இதோ கருவி, நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்றார்கள். பெற்றோருடைய ஊழியமும் இவ்வளவே. கடினமான ஊழியமும் இதுவே. பிள்ளை திணறுவதைப் பார்த்தும் கை நீட்டாமல் ஐந்து நிமிடம் நிற்பது, அவனுக்காக ஐந்து மணி நேரம் உழைப்பதைவிடக் கடினம். எனக்குத் தெரியும், நானும் ஒரு தகப்பன்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பிராண்டு பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, உணர்விழந்த கைகளுக்கு வலிக்குப் பதிலாக எச்சரிக்கை கொடுக்கும் செயற்கைக் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். அழுத்தம் மிகுந்தால் ஒலியும் பிற சைகைகளும் எச்சரிக்கும். பலர் முயன்றும் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஏனெனில் எச்சரிக்கை வெளியிலிருந்து வந்தது. வேலையை முடிக்க விரும்பியவர்கள் அதை அலட்சியம் செய்தார்கள், அல்லது அணைத்துவிட்டார்கள். பெற்றோரே, உங்கள் ஓயாத எச்சரிக்கையும் அத்தகையதே. நீங்கள் அருகில் இருக்கும்வரை ஒலிக்கும். விடுதி வாசலில் பிள்ளை அதை அணைத்துவிடுவான். அவனுடைய சொந்த நரம்பில் உணர்வு இருக்க வேண்டும். சிறு தவறுகளின் விலையைச் சிறு வயதிலேயே அவன் கொடுத்துப் பழகினால்தான் அது வளரும்.

ஆகையால் சபையாரே, சில தீர்மானங்கள். முதலில் என்னுடையது. இனி நம் ஆலயத்தில் மதிப்பெண் வாசிக்கப்படாது, கேடயம் கிடையாது. இது குறித்து சபைக் குழுவாரிடம் பேசிவிட்டேன். ‘உற்சாகப்படுத்த வேண்டாமா ஐயா’ என்று சிலர் கேட்டார்கள். கேடயம் வாங்கிய பிள்ளைகளை உற்சாகப்படுத்த ஊர் முழுதும் இருக்கிறது. தேர்வெழுதிய அனைவரையும் ஒன்றாக முன்னே அழைத்து, ஒருவர் தலையிலும் எண் எழுதாமல் ஜெபிப்போம். தேறாத பிள்ளையின் வீட்டுக்கே நான் முதலில் வருவேன். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க அவனோடு அமர்வேன். விண்ணப்பத்தை நிரப்புவது அவன் கையாக இருக்கும்.

உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. இந்த வாரம், இதுவரை பிள்ளைக்காக நீங்கள் செய்துவந்த ஒரு வேலையை அவனிடமே ஒப்படையுங்கள். அவன் அதைத் தவறாகச் செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கும் அவ்வாறே, மகனைச் செல்லத்தாலும் மகளை அச்சத்தாலும் முடக்குவது நம் வீடுகளின் பழைய வழக்கம். இரண்டாவது, நீங்கள் தோற்றுப்போன ஒரு கதையைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் ஜெயித்த கதைகளை மாத்திரம் கேட்டு வளர்ந்தவர்கள், தோல்வி நம் வம்சத்திலேயே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். மூன்றாவது, அடுத்த முடிவு எதுவாக இருந்தாலும், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை ‘சாப்பிட்டியா’ என்பதாக இருக்கட்டும். கணக்கு வழக்கு மறுநாள் பேசலாம்.

உங்கள் பிள்ளை பேசாமல் ஒதுங்குகிறான், உறங்கவில்லை, வாழ்வை வெறுத்துப் பேசுகிறான் என்றால், அதைப் பிடிவாதம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். ஜெபியுங்கள், அதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் பேசலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அன்று. அருகே நிற்க ஆள் வேண்டிய நேரம் பெற்றோருக்கும் உண்டு.

அந்த மகனைப் பற்றிக் கேட்பீர்கள். துணைத்தேர்வு எழுதினான். அதன் முடிவு என்ன என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்கும் ஆவல் இப்போதும் உங்களுக்கு எழுந்தால், நான் எழுதியது எதைக் குறித்து என்று இன்னொருமுறை வாசியுங்கள். ஒன்று மாத்திரம் சொல்வேன்: அவன் ஆலயத்துக்கு வருகிறான். கடைசி பெஞ்சில் உட்காருகிறான். சில வாரங்களாக அவனுடைய தகப்பனார் முன்வரிசையை விட்டு வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறார்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள் மானத்தைக் காக்க எங்கள் பிள்ளைகளைப் பயன்படுத்தினோம், எங்களை மன்னியும். நீர் அவர்களுக்கென்று வைத்திருக்கும் பாரத்தை நாங்கள் பறித்துக்கொள்ளாமலும், நீர் வைக்காத பாரத்தை நாங்கள் சுமத்தாமலும் இருக்க எங்களுக்கு ஞானம் தாரும். அவர்கள் தனித்து நிற்கும் நேரத்தில் உம்முடைய சமுகம் அவர்களோடு இருப்பதாக. எங்கள் இரட்சகராகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர், திமிரி